மீன்களுக்குக் கேன் தண்ணீர்

திங்கட்கிழமை காலை மோலி மீன்கள் நீந்தவில்லை. நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன.

பூர்ணிமா தோள்பையைக் கழற்றாமல் தொட்டியின் முன் குனிந்தாள். கறுப்பு மோலிகள் ஒரு மூலையில் கூடி, குளிரில் நடுங்குவதுபோல் உடம்பை மட்டும் இடமும் வலமும் அசைத்தன. ஓர் அங்குலம்கூட முன்னே போகவில்லை. அவற்றுக்குப் பின்னால் கிரிப்டோ செடிகள் துவண்டு கிடந்தன. வெள்ளிக்கிழமை வரை பழுப்பும் பச்சையுமாக அடர்ந்து நின்ற செடிகள். இப்போது இலைகள் வேகவைத்த கீரைபோல் இருந்தன. சில இலைகள் கண்ணாடியாகி அவற்றின் வழியே மறுபக்கம் தெரிந்தது. கையை விட்டு ஓர் இலையைத் தொட்டாள். தொட்ட இடம் கரைந்து விரலோடு வந்தது.

ஆம்பூரை அடுத்த அந்த ஷூ கம்பெனியில் முன் ஆபீசுக்கும் லேபுக்கும் இடையே ஒரு நடைபாதை உண்டு. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு டியூப் லைட். மீன்தொட்டி அங்கேதான் இருந்தது. முதலாளியின் மகள் வஜீதா பொறுப்பேற்ற பிறகு வாங்கி வைத்தது. அதில் பிளாஸ்டிக் செடி போடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். தாவரவியல் படித்த பெண் லேபில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பூர்ணிமாவை அழைத்து, "இந்த இருட்டுல செடி வளருமா?" என்று கேட்டார். "வளரும் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இருட்டிலும் வளரும் அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் தேடி வாங்கி, அவற்றின் தண்டைக் கல்லுக்குள் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டினாள். கிரிப்டோவை மட்டும் கூழாங்கல்லில் நட்டாள். வெளிச்சம் குறைவு என்பதால் எல்லாமே மெதுவாக வளர்ந்தன. ஒரு புது இலைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருடனும் பேசாமல் காத்திருக்க முடிந்தது.

லேபுக்குள் போய், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து வந்தாள். பேனா போன்ற அந்தக் கருவியைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். தொட்டியில் எப்போதும் கம்பெனியின் போர் தண்ணீர்தான். மீட்டர் ஆயிரத்துக்கு மேல் காட்டும். மோலிகளும் செடிகளும் அந்த உப்புத் தண்ணீரிலேயே பழகியவை. இப்போது நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

யாரோ தொட்டியைக் காலி செய்து வேறு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்துக்கினியாம்மா?"

பின்னால் கோதண்டபாணி நின்றார். ஆபீஸ் அட்டெண்டர். ஆலங்காயம் பக்கத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர். கையில் டீ பிளாஸ்க், முகத்தில் சிரிப்பு.

"சனிக்கெழம நீ லீவு போட்டுட்டு காட்பாடிக்கு கல்யாணத்துக்குப் போய்ட்டே. நான்தான் எல்லாத்தையும் எறச்சிட்டு புதுசா ஊத்தனேன். கேன் தண்ணி. ஒரு சொட்டு போர் தண்ணி கெடயாது. எப்டி பளபளன்னு இருக்குது பாரு."

"கேன் தண்ணியாண்ணா?"

"பின்ன? அந்த போர் தண்ணில பல்லு வெளக்க முடியுமா? பக்கெட்டுல வெள்ளையா பூத்து நிக்குது. நம்ம வாயில வெக்காதத வாயில்லா ஜீவனுக்கு ஊத்தறோமேன்னு எனக்கு ரொம்ப நாளா மனசு கேக்கல. அன்னிக்கு நீ சொன்னதும்தான் புரிஞ்சுது."

தான் சொன்னது என்னவென்று பூர்ணிமாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை தொட்டியில் தண்ணீர் விரலளவு குறைந்திருந்தது. ஆவியாகிப் போனது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை மட்டும் ஈடுகட்ட லேபின் உப்பு நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து ஒரு ஜாடி பிடித்து ஊற்றினாள். அதுதான் முறை. அப்போது கோதண்டபாணி வந்து நின்று, "அது இன்னா தண்ணிம்மா?" என்று கேட்டார். "உப்பு இல்லாத தண்ணிண்ணா. மீனுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போய்விட்டாள். ஏன், எதற்கு, எவ்வளவு என்று விளக்க இன்னும் சில வாக்கியங்கள் வேண்டியிருந்தன. பேச்சு நீளும். அவர் மேலும் கேட்பார். எந்தப் பேச்சையும் சீக்கிரம் முடித்துக்கொள்வதுதான் அவள் வழக்கம்.

"நல்லாருக்குதுல்ல?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

அவள் எப்படியோ சிரித்து வைத்தாள். அவர் டீ கொடுக்க உள்ளே போனார்.

அவர் போன சற்று நேரத்தில் ஒரு மோலி ஆடுவதை நிறுத்தியது. பக்கவாட்டில் சாய்ந்து மெல்ல மேலே வந்தது.

அதை முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவர் நவீன்குமார். நிர்வாக மேனேஜர். பூர்ணிமாவைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போனவர், தொட்டியைக் கடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது இன்னா, மீன் கொழம்பா?"

அவர் போனை அணைத்தார். "மதியம் மேடம் சென்னைலருந்து வர்றாங்க. வந்ததும் நேரா இங்கதான் நிப்பாங்க. யார் கை வச்சது?"

பிளாஸ்க்கோடு வெளியே வந்த கோதண்டபாணி மிதந்த மீனைப் பார்த்தார். பிறகு பூர்ணிமாவைப் பார்த்தார்.

"நான்தான் சார். தண்ணி மாத்தனேன்."

"யாரக் கேட்டு?"

"கேன் தண்ணிதான் சார் ஊத்தனேன். நல்ல தண்ணி."

"குடிக்கற கேனயா? எல்லாத்தயும் மீனுக்கு ஊத்திட்டு ஸ்டாஃபுக்கு போர் தண்ணி குடுத்தியா?" நவீன்குமார் பெருமூச்சு விட்டார். குரலில் கோபம் இல்லை. வேலை சுலபமாகிவிட்ட நிம்மதிதான் இருந்தது. "போன மாசம் லெதர் சாம்பிள் மேல டீய கொட்டினே. இப்ப இது. இனிமே நான் என்ன பண்றது கோதண்டம்?"

அவர் என்ன செய்வார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் வேலைகளை ஏஜென்சிக்குக் கொடுக்கப்போகிறார்கள். மூன்று அட்டெண்டர்களில் இரண்டு பேரைத்தான் ஏஜென்சி எடுத்துக்கொள்ளும். யார் வேண்டாம் என்று இன்று மதியம் மேடம் சொல்ல வேண்டும். கோதண்டபாணிக்கு ஐம்பத்தாறு வயது. இனி எந்தக் கம்பெனியும் அவரைக் கேட்டுக்குள் விடாது.

"சரி. மேடம் வர்றதுக்குள்ள இதயெல்லாம் எறச்சிக் கொட்டு. பைப்பப் போட்டு போர் தண்ணி ரொப்பு. செத்த செடிய புடுங்கிப் போடு. கடைலருந்து பிளாஸ்டிக் வாங்கிக்கலாம்."

கோதண்டபாணி பக்கெட்டை எடுக்கத் திரும்பினார்.

"வேணாம் சார்."

தன் குரலைக் கேட்டுப் பூர்ணிமாவே திடுக்கிட்டாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னா வேணாம்?"

"ஒரேடியா மாத்தக் கூடாது. உப்புத் தண்ணிலருந்து உப்பில்லாத தண்ணிக்கு சட்டுனு போனதாலதான் இப்டி ஆச்சு. திரும்பவும் சட்டுனு மாத்தினா மிச்சம் இருக்கறதும் செத்துடும். சொட்டு சொட்டா விடணும். நாளைக்கு வரைக்கும் ஆகும்."

"மேடம் மதியம் வர்றாங்கன்றேன், நீ நாளைக்குன்றே."

அவள் தொட்டியை விட்டு விலகவில்லை. நவீன்குமார் மிதந்த மீனையும் ஆடும் மீன்களையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் வரும்போது ஒன்று செத்திருப்பது ஒரு கணக்கு, எல்லாம் செத்திருப்பது வேறு கணக்கு.

"உன் பொறுப்பு" என்றார். "இவரு இத தொடக் கூடாது."

பூர்ணிமா லேபிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயும் கிளிப்பும் எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் இறைத்துக் குறைத்துவிட்டு, அலமாரியின் மேல் ஒரு பக்கெட் போர் தண்ணீரை வைத்து, குழாயின் ஒரு முனையை அதில் விட்டு, மறுமுனையைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டாள். கிளிப்பை இறுக்க இறுக்க ஓட்டம் குறைந்து, கடைசியில் சொட்டானது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல. செத்த மீனை எடுத்தாள். கரைந்த இலைகளைக் கத்தரிக்கோலால் வேரோரம் வெட்டி ஒரு தட்டில் போட்டாள். அழுகிய இலை தண்ணீரில் கிடந்தால் அதுவே மீனைக் கொல்லும். அனுபியாஸ் மட்டும் எதுவும் நடக்காததுபோல் கெட்டியாக நின்றது.

கோதண்டபாணி நடைபாதையின் கோடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தொட்டிப் பக்கம் வரவில்லை. ஒரு முறை மட்டும் அங்கிருந்தே கேட்டார்: "கேன் தண்ணி மீனுக்கு ஆவாதா?"

"இந்த மீனுக்கு ஆவாதுண்ணா."

அவர் தலையாட்டிக்கொண்டார். 'அப்ப நீ ஏன் அப்படிச் சொன்னே' என்று கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

லேபில் பில்கிஸ் தோல் துண்டுகளை மடிப்புச் சோதனை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். பூர்ணிமாவுக்கு மூத்தவள். அந்தக் கம்பெனியில் பூர்ணிமா முழு வாக்கியங்களில் பேசுவது அவளிடம் மட்டும்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அரே, நீ ஊத்தினது ஒரு ஜாடி" என்றாள் பில்கிஸ். "அதுல ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அப்ப அந்த ஆளு ஊத்தினதாலதானே ஆச்சு."

"நான் சொன்னதாலதானே ஊத்தினாரு."

"நீ மாத்தச் சொன்னியா? இல்லல்ல. சும்மா கெட. இந்த மாசம் உன் பர்மனெண்ட் ஆர்டர் வருது. நானே மூணு வருஷம் இழுத்தடிச்சிதான் வாங்கினேன். வூட்டுல வேற சொல்லி வச்சிருக்கே."

வீட்டில் சொல்லித்தான் வைத்திருந்தாள். குடியாத்தத்தில் அவள் அப்பா தறி ஓட்டிக்கொண்டே, இரைச்சலுக்கு மேல் கத்தி, பக்கத்துத் தறிக்காரரிடம் மகள் வேலை நிரந்தரமாகப் போவதைச் சொல்லியிருந்தார்.

"அவரு என்னைக் காட்டிக் குடுத்தா?"

"குடுத்தா அப்ப பாத்துக்கலாம். அவரே நான்தான்னு ஒத்துக்கினாரு. நீயா போயி எதுக்கு பேஜார் இழுத்துக்கறே?"

பில்கிஸ் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பூர்ணிமா மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குப் போனாள். எண் கொஞ்சம் ஏறியிருந்தது. மீன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. கிளிப்பைத் தளர்த்தக் கை பரபரத்தது. தளர்த்தவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து தையல் ஹாலில் மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய வேளையில் வஜீதா வந்தார். பயணக் களைப்போடு நேராக நடைபாதைக்கு வந்து நின்றார். குழாயைப் பார்த்தார். வெறுமையான கூழாங்கல் பரப்பைப் பார்த்தார். இரண்டாவதாக ஒரு மோலி சற்று முன்தான் செத்திருந்தது. தட்டில் வெட்டிய இலைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நவீன்குமார் சுருக்கமாகச் சொன்னார். சனிக்கிழமை, கேன் தண்ணீர், யாரையும் கேட்கவில்லை. போன மாத டீயையும் சேர்த்துக்கொண்டார். "அந்த ஏஜென்சி விஷயத்துக்கு இதுவே போதும்னு நெனைக்கறேன் மேடம்."

வஜீதா கோதண்டபாணியைப் பார்த்தார். "யாராவது மாத்தச் சொன்னாங்களா?"

பூர்ணிமா லேப் கதவருகே நின்றாள். கையில் மீட்டர். ஈரமான விரல்களால் அதை இறுகப் பிடித்திருந்தாள். கோதண்டபாணி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"யாரும் சொல்லலம்மா. நானாதான். கெட்ட தண்ணில கெடக்குதேன்னு பாவமா இருந்துச்சி."

"பாவம் பாத்தா கேட்டுட்டுப் பாக்கணும்" என்றார் நவீன்குமார்.

வஜீதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நவீன். ரூமுக்கு வாங்க" என்று திரும்பினார்.

அவர் லேப் கதவைக் கடந்துதான் அறைக்குப் போக வேண்டும். நான்கைந்து அடி தூரம். வஜீதாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. பக்கத்தில் வந்தது. கடந்தது.

"நான் சொன்னேன் மேடம்."

சத்தம் நின்றது.

"என்னது?"

"நான்தான் சொன்னேன். உப்பு இல்லாத தண்ணி மீனுக்கு நல்லதுன்னு."

"நீ சனிக்கிழமை லீவு" என்றார் நவீன்குமார்.

"வெள்ளிக்கிழமை சொன்னேன் சார்." இனி நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னாள். "ஆவியாப் போனதுக்கு மட்டும் அந்தத் தண்ணி ஊத்தணும். மொத்தமா ஊத்தக் கூடாது. அவரு என்ன தண்ணின்னு கேட்டாரு. நல்லதுன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டேன். மீதிய சொல்லல. இங்க எல்லாருக்கும் கேன் தண்ணிதான் நல்ல தண்ணி. அதுக்கு மேல நானும் நல்லதுன்னு சொன்னா வேற என்ன பண்ணுவாரு?"

லேப் கதவுக்குப் பின்னால் பில்கிஸின் இயந்திரம் நின்றிருந்தது.

வஜீதா திரும்பித் தொட்டிக்கு வந்தார். "நீ ஊத்தினது சரியான அளவுதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப தப்பு எங்க?"

"பாதிதான் சொன்னேன்."

வஜீதா வெறுங்கல்லைக் காட்டினார். "இதெல்லாம் போயிடுச்சா?"

"இல்ல மேடம். எல மட்டும்தான்." பூர்ணிமா கையை விட்டு இரண்டு கற்களை ஒதுக்கினாள். அடியில் வேர் வெள்ளையாகப் பின்னிக்கிடந்தது. "இந்தச் செடி அப்டிதான். தண்ணி மாறினா எலய உதிர்த்துடும். புடுங்காம இருந்தா திரும்ப விடும்."

"பெரிய லைட் ஒண்ணு போட்டா சீக்கிரம் வரும்ல?" என்றார் நவீன்குமார்.

"எல இல்லாம வெளிச்சம் மட்டும் ஜாஸ்தி ஆனா பாசிதான் வரும் சார்."

நவீன்குமார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கோதண்டம் இருக்கட்டும்" என்றார் வஜீதா அவரிடம். "ஏஜென்சிக்கு மூணு பேருன்னு சொல்லுங்க. ஒத்துக்கலன்னா வேற ஏஜென்சி பாருங்க." பிறகு பூர்ணிமாவிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. "உன் ஆர்டர் இந்த மாசம் போட முடியாது. லேப்ல நீ ஒரு தோலுக்கு 'நல்லாருக்கு'ன்னு பாதி சொல்லிட்டு உள்ள போய்ட்டா, கட்டிங்ல அத நம்பி வெட்டி, லாட் தோல் மொத்தமும் போய்டும். அப்ப வந்து உண்மைய சொன்னாலும் தோல் திரும்ப வராது. இன்னும் ஆறு மாசம் பாக்கறேன்."

"சரி மேடம்."

அவர்கள் போனார்கள். அறைக் கதவு மூடியது.

கோதண்டபாணியின் ஸ்டூல் காலியாக இருந்தது. ஆனால் அதில் உட்காரப் பூர்ணிமாவுக்குத் தோன்றவில்லை. அவர் தொட்டிக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த நன்றியோ நிம்மதியோ இல்லை.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

"நான் பல்ல காட்டிக்கினு நல்லாருக்குதான்னு கேட்டேன். நீயும் சிரிச்சே."

"ஆமாண்ணா."

"அப்பவே சொல்லிருந்தா ஒரு மீனாவது பொழச்சிருக்கும்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு வார்த்த பேசினா வாயி தேஞ்சா பூடும்?"

அவள் மீட்டரைத் துடைத்துத் தண்ணீரில் விட்டாள். முந்நூற்றுச் சொச்சம். மூலையிலிருந்த மோலிகளில் ஒன்று ஆடுவதை நிறுத்தியது. அது சாயவில்லை. துடுப்பை விரித்து, அனுபியாஸ் இலை வரை மெதுவாகப் போய், அதன் அடியில் நின்றது.

கோதண்டபாணி சுவரை விட்டு வந்து பார்த்தார். பக்கெட் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. அதை எடுத்துப் போய் போர் குழாயில் ரொப்பி வந்து அலமாரிமேல் வைத்தார். குழாய் முனையைத் தண்ணீருக்குள் சரியாக விட்டார். கிளிப்பின் மேல் அவர் விரல் போயிற்று. நின்றது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தளர்த்தவா?"

வேண்டாம் என்று தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப தளர்த்தக் கூடாதுண்ணா. உப்பு வேகமா ஏறினா மீனு ஒடம்புலருந்து தண்ணி இழுத்துக்கும், தாங்காது. எல்லா மீனும் ஆடறது நின்னதுக்கப்புறம் ஒரு பொட்டு தளர்த்தலாம். எவ்ளோன்னு நான் காட்றேன். செடிக்கு ஒண்ணும் பண்ண வேணாம். அந்தக் கல்ல மட்டும் யாரும் கெளறக் கூடாது."

"ஏன் கெளறக் கூடாது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் ஸ்டூலைத் தொட்டிக்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.